ஆற்றில் போன மோதிரத்துக்கும் கடலில் போன தோட்டுக்கும் எந்த டிடெக்டர்?

ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள் பவானி கூடுதுறையிலோ கொடுமுடிப் படித்துறையிலோ விசாரித்தால், ஏதாவது ஒரு குடும்பம் எதையாவது தொலைத்திருக்கும். குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும். மஞ்சளும் சோப்பும் வழுக்கும். மோதிரம் கழன்றது கரையேறித் துணி மாற்றும்போதுதான் தெரியும். தாலிச்சரடு மாற்றும் இடத்தில் குண்டுமணி அளவு உருப்படி ஒன்று நழுவிவிட்டால், அது விலைக் கணக்கில் அடங்காத இழப்பு.

கொங்கு நாட்டுக்குக் கடல் கிடையாது. இருந்தாலும் ராமேஸ்வரமும் திருச்செந்தூரும் போகாத வீடு இங்கே குறைவு. அதனால் மெட்டல் டிடெக்டர், அதாவது மண்ணிலும் தண்ணீரிலும் கிடக்கும் உலோகத்தைக் காட்டும் மெஷின், வாங்க நினைக்கும் நம் ஊர்க்காரர், ஆறு, வாய்க்கால், கிணறு, கடல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மெஷினாகத் தேடுகிறார். விற்பவர் "தண்ணிக்குள்ளயும் போகும், இத்தனை அடி ஆழம் பார்க்கும்" என்று சொல்வதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: நீங்கள் தேடப்போகும் தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது? மெஷின் எந்த வகை என்பதை முதலில் முடிவு செய்வது அதுதான். பிராண்டு, திரை, ப்ளூடூத் எல்லாம் அதற்குப் பிறகு.

உப்பு என்ன செய்கிறது

டிடெக்டரின் நுனியில் தரைமேல் ஆட்டும் வட்டமான கம்பிச்சுருள்தான் காயில். அது ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலத்துக்குள் மின்சாரம் கடத்தும் எது வந்தாலும் அதில் சிறு சுழல் மின்னோட்டம் எழும். அது திருப்பி அனுப்பும் புலத்தை மெஷின் கேட்கிறது. தங்கமும் கடத்தும், சிகரெட் பெட்டி ஜிகினாக் காகிதமும் கடத்தும், உப்புத் தண்ணீரும் கடத்தும். கடல் நீரின் கடத்துதிறன் மீட்டருக்குச் சுமார் 5 சீமென்ஸ். நல்ல ஆற்றுத் தண்ணீர் அதில் நூறில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. ஆகவே ஆற்றில் மெஷின் தண்ணீரை உணர்வதே இல்லை. கடற்கரை ஈர மணலிலோ, காயிலின் கீழே இருக்கும் மொத்த மணலும் ஒரு பெரிய, பலவீனமான உலோகத் தகடு போலத் தெரிகிறது.

வில்லங்கம் எங்கே என்றால், உப்பு ஈரம் தரும் சிக்னலும் மெல்லிய தங்கம் தரும் சிக்னலும் ஏறத்தாழ ஒரே இடத்தில் விழுகின்றன. காந்தப்புலம் விநாடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பதுதான் ஃப்ரீக்வென்சி. ஒற்றை ஃப்ரீக்வென்சி மெஷினில் உப்பின் சத்தம் அடங்கும்வரை கிரவுண்ட் பேலன்ஸை (தரை தரும் சிக்னலை அடக்கும் அமைப்பை) திருகினால், மூக்குத்தியும் மெல்லிய சங்கிலியும் அதோடு சேர்ந்து அடங்கிவிடும். மெஷின் அமைதியாக இருக்கும். நீங்களும் நிம்மதியாக ஆட்டிக்கொண்டே போவீர்கள். காயிலுக்கு இரண்டு அங்குலம் கீழே தோடு கிடக்கும்.

பல ஃப்ரீக்வென்சியை ஒரே நேரத்தில் அனுப்பும் மெஷின் இந்த முடிச்சை அவிழ்க்கிறது. உப்பு, குறைந்த ஃப்ரீக்வென்சிக்கு ஒரு மாதிரியும் உயர்ந்ததற்கு வேறு மாதிரியும் பதில் தரும். தங்கம் பதில் தரும் விதம் தனி. இரண்டையும் ஒப்பிட்டு உப்பின் பங்கை மட்டும் கழித்துவிட முடிகிறது. மைன்லேப் எக்ஸ்காலிபர் 2, ஈக்வினாக்ஸ், மேன்டிகோர், நோக்டா லெஜண்ட், எக்ஸ்.பி. டியூஸ் 2 எல்லாம் இந்த வகை.

மூன்றாவது வழி பல்ஸ் இண்டக்‌ஷன். இது சிறு துடிப்பாக மின்சாரத்தை விட்டு, நிறுத்தி, சில மைக்ரோ விநாடிகள் பொறுத்து, அப்புறம் கேட்கிறது. உப்பின் பதில் அதற்குள் மடிந்துவிடும். தங்கத்தின் பதில் இன்னும் கொஞ்சம் நீடிக்கும். இரும்புத் தாது கலந்த கருமணலையும் இது பெரிதாகக் கண்டுகொள்ளாது. காரெட் சீ ஹன்டர் மார்க் 2 இந்த வகை. ஆனால் ஆணியையும் மோதிரத்தையும் பிரித்துச் சொல்லும் திறமை இதற்கு மிகக் குறைவு. அடிக்கிற ஒவ்வொரு சத்தத்தையும் தோண்ட வேண்டும். நம் படித்துறைகளில் ஊக்கு, ஆணி, பிளேடு, பூஜைச் சாமான் கம்பி கிடக்கும் அளவுக்கு, பல்ஸ் மெஷினை அங்கே கொண்டுபோவது முதுகை ஒடித்துக்கொள்ளும் வேலை.

தண்ணீரை எப்படி அளப்பது? ஆர்.ஓ. மாட்ட வருபவர் சட்டைப்பையில் வைத்திருக்கும், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். பேனா போதும். கடல் நீரில் லிட்டருக்கு 35,000 மில்லிகிராம் உப்பு. மேட்டுப்பாளையம் பக்கம் பவானியிலும் மேட்டூருக்குக் கீழே காவிரியிலும் இருப்பது சில நூறு. நொய்யலைத்தான் கண்ணை மூடிக்கொண்டு ஆற்றுக் கணக்கில் சேர்க்கக்கூடாது. திருப்பூர் சாயக்கழிவு பல ஆண்டுகள் ஓடிய ஆறு அது. ஒரத்துப்பாளையம் அணையின் அடிமண்ணும் அந்த உப்பைக் குடித்த மண். 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. சாயக்கழிவு பாய்ந்த இடங்களில் பேனாவை விட்டுப் பார்க்காமல் மெஷினைக் குறை சொல்லாதீர்கள். என் கணிப்பில் 1,000க்குக் கீழே என்றால் ஒற்றை ஃப்ரீக்வென்சி தாராளம். மூன்று நான்கு ஆயிரத்தைத் தாண்டினால் பல ஃப்ரீக்வென்சி மெஷினின் அருமை தெரியும்.

கருமணல் இன்னொரு தொல்லை

உப்போடு இரும்புத் தாது கலந்த மணலும் சேர்ந்தால் மெஷின் இரண்டு பக்கமும் இழுபடும். சேலம் கஞ்சமலை, மேக்னடைட் என்னும் இரும்புத் தாது உள்ள மலை. அந்த வட்டாரத்துப் பாறை அரைபட்டு ஓடைகளிலும் ஆற்றிலும் கருப்புக் கோடாகப் படிகிறது. தெற்கே மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், மோனசைட், கார்னெட் எல்லாம் இருக்கின்றன. அங்கே மணல் எடுக்கும் ஆலையே நடக்கிறது. ஒரு காந்தத்தைப் பாலித்தீன் பைக்குள் போட்டு மணலில் இழுத்துப் பாருங்கள். பையில் மீசை மாதிரிக் கருமணல் அடர்ந்து ஒட்டினால் சென்சிட்டிவிட்டியை (மெஷின் எவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிறது என்பதை) குறைத்துத்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும்.

இதே மணல் காயில் கவருக்குள் புகுந்துகொண்டால், காற்றில் ஆட்டினாலே மெஷின் கத்தும். புதிதாக வாங்கியவர்கள் பலர் காயில் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்ப நினைப்பது இதனால்தான். கவரைக் கழற்றி, கழுவி, துடைத்து மாட்டினால் சரியாகிவிடும்.

நம் நகை வேறு, வெளிநாட்டு வீடியோ வேறு

இணையத்தில் கிடைக்கும் பரிசோதனை வீடியோக்கள் பெரும்பாலும் 10, 14, 18 காரட் மோதிரத்தை வைத்து எடுத்தவை. நம் வீட்டில் இருப்பது 916, அதாவது 22 காரட். அது மின்சாரத்தை அவற்றைவிட நன்றாகக் கடத்தும். சிக்னலுக்கு ஏற்ப மெஷின் திரையில் ஒரு எண் காட்டும். அதே அளவு மோதிரம் அதில் கொஞ்சம் மேலான எண்ணில் நிற்கும். ஆகவே யாரோ சொன்ன எண்ணை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் தள்ளிவிட்டுப் போகக்கூடாது. ஒவ்வொரு பிராண்டுக்கும் எண் அளவுகோலும் வேறு.

எடையைவிட வடிவம்தான் முக்கியம். அரைப் பவுன் மோதிரம் மூடிய வளையம் என்பதால் கணீரென்று சத்தம் தரும். அதே மோதிரம் அறுந்து வாய் பிளந்திருந்தால் சத்தம் பாதியாகிவிடும். சங்கிலி இதில் மோசம். மூன்று பவுன் சங்கிலியானாலும் மெஷின் பார்ப்பது தனித்தனிக் கண்ணிகளை, ஒவ்வொன்றும் சின்னஞ்சிறு வளையம். சங்கிலியைவிட அதன் கொக்கியும் டாலரும்தான் சத்தம் போடும். தாலிக்கொடி தொலைந்திருந்தால் கொடியைத் தேடாதீர்கள், அதில் கோத்த உருக்களைத் தேடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு மெதுவாக ஆட்டுங்கள். மெல்லிய சங்கிலி, தோட்டுத் திருகு, மூக்குத்தி இவற்றுக்கு 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஃப்ரீக்வென்சி உதவும். வெள்ளிக் கொலுசுக்கும் செப்புத் தகட்டுக்கும் குறைந்த ஃப்ரீக்வென்சி நல்லது.

காசுகள் பற்றி ஒரு சொல். இப்போது புழங்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டும் துருப்பிடிக்காத எஃகு. மெஷினில் இரும்புப் பக்கமும் நல்ல பக்கமும் தாவித் தாவி எண் காட்டும். கூடுதுறை மாதிரி இடத்தில் இவை கொட்டிக் கிடக்கும். டிடெக்டரை இறக்குவதற்கு முன் வலுவான நியோடிமியம் காந்தத்தைக் கயிற்றில் கட்டி அந்த இடத்தை நான்கைந்து முறை இழுத்துவிட்டால் எஃகுக் காசும் ஆணியும் ஊக்கும் வந்துவிடும். தங்கம் காந்தத்துக்கு மசியாது, இருந்த இடத்திலேயே இருக்கும். பாதி வேலை அங்கேயே குறையும்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்று. "தங்கத்தை மட்டும் காட்டும்", "நூறு மீட்டர் தூரத்திலிருந்தே திசை காட்டும்" என்று இரண்டு கம்பி ஆண்டெனாவோடு விற்கும் பெட்டிகள் சுத்த ஏமாற்று. இந்த அளவில் தங்கத்தை மட்டும் தனியாக அடையாளம் காணும் இயற்பியல் கிடையாது. தொலைவு கூடக் கூட சிக்னல் எப்படிக் குறைகிறது தெரியுமா? காயிலின் ஆரத்தைத் தாண்டியபின், ஆழம் இருமடங்கானால் சிக்னல் ஏறத்தாழ 64இல் ஒரு பங்காகிவிடும். நல்ல மெஷினும் ஒரு காசை முக்கால் அடி, மிஞ்சினால் ஓர் அடிதான் பார்க்கும். தோட்டுக்கு இரண்டு மூன்று அங்குலம். புதையல் ஆசையைக் கிளப்பி நம் பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் லட்சக்கணக்கில் கறக்கும் இந்தப் பெட்டிகளை வாங்கும் முன் தயவுசெய்து இந்தக் கணக்கை நினையுங்கள்.

மூன்று மீட்டர் என்று போட்டிருந்தால்

காரெட் ஏ.டி. ப்ரோ 3 மீட்டர் ஆழம் தாங்கும். ஈக்வினாக்ஸ் 800உம் அப்படியே. ஈக்வினாக்ஸ் 900, மேன்டிகோர் 5 மீட்டர். டியூஸ் 2 இருபது மீட்டர். எக்ஸ்காலிபரும் சீ ஹன்டரும் ஏறத்தாழ அறுபது மீட்டர், முழுக்கு வீரர்களுக்கானவை. ஏறத்தாழ எல்லா மெஷினுக்கும் காயில் தண்ணீர் தாங்கும். ஆனால் பல மெஷின்களில் திரையும் பேட்டரியும் உள்ள பெட்டி தாங்காது. இதை மறைத்து "வாட்டர் ப்ரூஃப்" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். "பெட்டியும் முங்கலாமா, எத்தனை மீட்டர்?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

நம் ஊருக்கு இதில் ஒரு தனி ஆபத்து உண்டு. சித்திரை வெயிலில் கார் டிக்கிக்குள் கிடந்த மெஷினின் உள்காற்று 60 டிகிரியைத் தொடும். அதை எடுத்தவுடன் 25 டிகிரி பவானித் தண்ணீரில் இறக்கினால், உள்ளே அடைபட்ட காற்று சுருங்கி அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும். அது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். அதாவது முழங்கால் தண்ணீரில் நிற்கும்போதே, 3 மீட்டர் மெஷின் தன் தாங்குதிறனில் மூன்றில் ஒரு பங்கைச் செலவழித்துவிட்டது. தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு மயிரிழை மணல் இருந்தாலும் அந்த உறிஞ்சலில் தண்ணீர் உள்ளே போகும். கரைக்கு வந்ததும் மெஷினை நிழலில் கால் மணி நேரம் வைத்து, ஈரத்துணி சுற்றி ஆறவிட்டு, அப்புறம் இறக்குங்கள்.

வாங்கிய அன்றே சோதிக்க: பேட்டரி மூடி, சார்ஜ் துளை மூடி, ஹெட்போன் முனை மூன்றிலும் ஓ-ரிங்கை விரலால் தடவி மணல், முடி இல்லை என்று பார்த்து, சிலிக்கான் கிரீஸ் லேசாகப் பூசுங்கள். வாசலின் வேண்டாம், அது பெட்ரோலியம், சில வகை ரப்பரை உப்ப வைக்கும். பிறகு வீட்டுத் தண்ணித் தொட்டியில் மெஷினை அரை மணி நேரம் முழுக வைத்து, எங்கிருந்தாவது தொடர்ந்து குமிழி வருகிறதா என்று கவனியுங்கள். முதலில் வரும் சில குமிழிகள் தண்டுக்குள் இருந்த காற்று. ஒரே இடத்திலிருந்து விடாமல் வந்தால்தான் கவலை. வாரண்டி இருக்கும்போதே தெரிந்துகொள்வது நல்லது.

ப்ளூடூத் ஹெட்போன் தண்ணீருக்குள் வேலை செய்யாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைச் சில அங்குலத் தண்ணீரே விழுங்கிவிடும். காயில் மட்டும் முங்கி, தலை வெளியே இருக்கும் வரை பிரச்சினை இல்லை. தலையும் முங்க வேண்டுமென்றால் ஒயர் உள்ள நீர்புகா ஹெட்போன் தனியாக வாங்க வேண்டும். டியூஸ் 2இல் காயிலுக்கும் ரிமோட்டுக்கும் இடையே ரேடியோதான் என்பதால், தண்ணீருக்குள் போக அதற்கென்று ஒரு ஆண்டெனா ஒயரைத் தண்டோடு சேர்த்து மாட்ட வேண்டும். அதை விட்டுவிட்டு முங்கினால் மெஷின் ஊமையாகிவிடும்.

பழைய மெஷின் வாங்குபவர்களுக்கு: டெசோரோ 2018இலும் ஒயிட்ஸ் 2020இலும் தொழிலை நிறுத்திவிட்டன. அவர்களுடைய கடற்கரை மெஷின்கள் நல்லவைதாம், விலையும் மலிவாக வரும். ஆனால் தண்ணீர் மெஷினுக்கு சீல்தான் உயிர். கம்பெனி இல்லாத மெஷினுக்கு அந்த சீலை எங்கே தேடுவீர்கள்?

கிணற்றுக்கு முங்கும் மெஷின் தேவையே இல்லை

கொங்கு நாட்டில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் அடிக்கும்போது சங்கிலி போய்விட்டது, என்ன மெஷின் வாங்கலாம் என்று. எதுவும் வாங்காதீர்கள் என்பதே என் பதில். முப்பது நாற்பது அடித் தண்ணீரில் 3 மீட்டர், 5 மீட்டர் மெஷின் பயன்படாது. ஆழம் தாங்கும் மெஷினை எடுத்துக்கொண்டு இறங்க முழுக்குப் பயிற்சி வேண்டும். முழுக்குப் பயிற்சி உள்ளவருக்கே, ஒரு முழத்துக்கு அப்பால் கண் தெரியாத சேற்றுக் கிணறு ஆபத்தானது. பாதாளக் கரண்டியால் குடத்தை எடுக்கலாம், சங்கிலி அதில் சிக்குவது அபூர்வம்.

கோடையில் மோட்டாரை ஓட்டித் தண்ணீரை இறைத்துவிட்டு, சேற்றை வாளி வாளியாக மேலே ஏற்றுங்கள். தண்ணீரில் விழுந்த நகை பெரும்பாலும் விழுந்த இடத்துக்கு நேர் கீழே அல்லது இரண்டு மூன்று அடி தள்ளிக் கிடக்கும். அந்த வட்டத்துச் சேற்றை முதலில் எடுங்கள். தார்ப்பாயில் இரண்டு அங்குலக் கனத்துக்குப் பரப்பி, சாதாரணத் தரை டிடெக்டரால் இரண்டு திசையிலும் ஒருமுறை ஆட்டினால் முடிந்தது. இந்த வேலைக்கு மலிவான மெஷின், இரவல் வாங்கிய மெஷின்கூடப் போதும்.

ஆள் இறங்கும் முன் இரண்டு விஷயம். சப்மெர்சிபிள் மோட்டாரின் ஸ்டார்ட்டரை அணைத்தால் மட்டும் போதாது, ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். நெடுநாள் புழங்காத கிணறு என்றால் அடியில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். ஒருவர் மயங்கினால் காப்பாற்ற இறங்கிய இரண்டாமவரும் சாவது இப்படித்தான். சந்தேகம் இருந்தால் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள்.

வாய்க்காலும் அப்படியே. கீழ்பவானியிலும் காலிங்கராயனிலும் ஓடும் தண்ணீரில் மெஷினோடு போராடுவதைவிட, தண்ணீர் நிறுத்திய பிறகு வறண்ட தரையில் தேடுவது பத்து மடங்கு எளிது. எந்தத் தூண், எந்தப் படி, கரையிலிருந்து எத்தனை அடி என்பதைத் தொலைந்த அன்றே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆற்றில் எங்கே தேடுவது

22 காரட் தங்கம் தண்ணீரைப்போல 17 மடங்குக்கு மேல் கனம். ஈயம் 11 மடங்கு. சாதாரண மணல் இரண்டரை மடங்குக்குச் சற்று அதிகம். ஓடும் தண்ணீர் மணலைத் தூக்கிப் போகும்போது கனமானது கீழே இறங்கி, பாறைப் பிளவிலோ, படிக்கல் இடுக்கிலோ, களிமண் தட்டிலோ போய் உட்காரும். இதிலிருந்து கிடைக்கும் நல்ல துப்பு, வீச்சு வலையின் ஈயக்குண்டுகள். அவை ஒரு இடத்தில் கூட்டமாக வந்தால், கனமான பொருளை ஆறு அங்கேதான் சேர்க்கிறது. ஈயக்குண்டு எடுத்து எடுத்துச் சலித்துப்போய் இடம் மாறுகிறவர், சரியான இடத்தை விட்டுப் போகிறார். வெறும் அலுமினியக் காசும் கற்பூரப் பாக்கெட் காகிதமும் வந்தால் அது லேசான பொருள் ஒதுங்கும் இடம், நகருங்கள்.

புதிய கான்கிரீட் படித்துறைக்கு உள்ளே கம்பி இருக்கும். காயிலைப் படிமேல் வைத்தால் நெடுகச் சத்தம்தான். கடைசிப் படியிலிருந்து ஓரடி தள்ளி, 6 அங்குலச் சின்னக் காயிலோடு தொடங்குங்கள். கருங்கல் படி என்றால் இடுக்குகளையே நேரடியாகப் பார்க்கலாம். மெஷினோடு வரும் 11 அங்குலக் காயில் திறந்த மணலுக்கு ஏற்றது. 15 அங்குலக் காயிலை ஓடும் தண்ணீரில் ஆட்டினால் தோள்பட்டை கெஞ்சும்.

இறங்கியதும் செய்ய வேண்டிய வரிசை மாறக்கூடாது. முதலில் நாய்ஸ் கேன்சல் (சுற்றியுள்ள மின் இரைச்சலை விலக்குவது), காயிலை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு. கரையோரம் பம்ப்செட்டும் கரண்ட் லைனும் இருக்கும் நம் ஊரில் இதைத் தவிர்க்க முடியாது. அடுத்து கிரவுண்ட் பேலன்ஸ்: உலோகம் இல்லாத இடம் பார்த்து, காயிலைத் தரைக்கு ஒன்றரை அடி மேலிருந்து இரண்டு அங்குலம் வரை ஏற்றி இறக்கி, சத்தம் சமமாகும்வரை. சென்சிட்டிவிட்டி கடைசியில். மெஷின் வாயை மூடும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். உளறிக்கொண்டே ஓரடி பார்க்கும் மெஷினைவிட, அமைதியாக அரையடி பார்க்கும் மெஷின் அதிக நகையைக் கண்டுபிடிக்கும். இடமிருந்து வலம் போக மூன்று விநாடியாவது ஆகவேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தையதன் பாதியை மூடவேண்டும்.

கடற்கரையில் இதோடு ஒன்று கூடும்: நீங்கள் நடப்பது அலைக்கோட்டுக்கு இணையாக இருக்கட்டும். காய்ந்த மணலுக்கும் ஈர மணலுக்கும் குறுக்கே நடந்தால் ஒவ்வொரு நான்கடிக்கும் உப்பின் அளவு மாறி, மெஷின் கிரவுண்ட் பேலன்ஸை இழந்துகொண்டே இருக்கும். அலை அடிக்கும் இடத்தில் காயிலை முழுக்க உள்ளே வைத்திருங்கள், அல்லது முழுக்க வெளியே. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகம் உள்வாங்கும் நேரம் பார்த்துப் போவது நல்லது.

சல்லடைக் கரண்டியைக் கோயமுத்தூரிலேயே செய்துகொள்ளலாம்

தண்ணீருக்குள் மெஷின் காட்டினால் மட்டும் ஆகிவிடாது, எடுக்க ஸ்கூப் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது வீண் செலவு. கணபதி, பீளமேடு, சிட்கோ பக்கம் எந்த லேசர் கட்டிங் பட்டறையிலும் வரைபடம் கொடுத்தால் செய்து தருவார்கள். துருப்பிடிக்காத எஃகில் ஆற்றுக்கு 304 கிரேடு, கடலுக்கு 316. தகடு 2 மில்லிமீட்டர் கனம், வாய் 6 அங்குல அகலம், நீளம் 10 அங்குலம், வாய் விளிம்பு சாய்வாகக் கூர்மையாக. துளை 8 மில்லிமீட்டர். வெளிநாட்டு ஸ்கூப்களில் 12 மில்லி வரை இருக்கும், மணல் சீக்கிரம் வடியும், நம் தோட்டுத் திருகும் அதோடு வடிந்துவிடும். பின்பக்கம் கால் வைத்து மிதிக்க ஒரு பட்டை, நாலரை அடியில் 32 மில்லி குழாய்க் கைப்பிடி. வெல்டிங் செய்யும் இடத்தில் குறுக்குத் தாங்கி வைக்கச் சொல்லுங்கள், அங்கேதான் முதலில் விரிசல் விடும். தேடும்போது ஸ்கூப்பை முதுகுப்புறம் இழுத்து வாருங்கள், காயிலுக்கு அருகில் வந்தால் அதுவே சிக்னல்.

பொருள் கிடக்கும் சரியான புள்ளியைக் காட்டும், கையில் பிடிக்கும் பின்பாயின்டரும் முங்கும் வகையாக இருக்கட்டும். காரெட் ப்ரோ-பாயின்டர் ஏ.டி. 6 மீட்டர் தாங்கும். படிக்கல் இடுக்கில் வேலை முழுக்க அதுதான்.

அப்படியானால் எதை வாங்குவது? தேடல் பவானி, காவிரி, அமராவதியோடு நின்றுவிடும் என்றால் நோக்டா சிம்ப்ளெக்ஸ் அல்லது ஏ.டி. ப்ரோ தாராளம். ஏ.டி. ப்ரோவில் சாதாரண நான்கு ஏ.ஏ. பேட்டரி, எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது கடலுக்குப் போவேன் என்றால் லெஜண்ட் அல்லது ஈக்வினாக்ஸ், இரண்டுமே ஆற்றிலும் குறை வைக்காது. ஒரே மெஷின் வாங்குபவருக்கு என் தேர்வு இந்த இரண்டில் ஒன்று. எக்ஸ்காலிபரும் சீ ஹன்டரும் கடலே தொழிலாக வைத்திருப்பவருக்கு.

காசு கொடுக்கும் முன் வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். 20 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில் மணலை நிரப்பி, லிட்டருக்கு 35 கிராம் கல்லுப்பு கரைத்த தண்ணீரை மணல் மூழ்க ஊற்றுங்கள். கம்பி போட்ட சிமென்ட் தரையில் வேண்டாம், மண் தரையில் வையுங்கள். அரைப் பவுன் மோதிரம், ஒரு ஜோடித் தோடு, மெல்லிய சங்கிலி, மெட்டி, இரண்டு ரூபாய், பிஸ்கட் பாக்கெட் காகிதம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நூலில் கட்டி மூன்று அங்குலத்தில் புதைத்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தொட்டி சிறியது என்பதால் கடலின் முழுத் தொல்லை இதில் வராது. ஆனால் உப்பில்லாத மணலில் கேட்ட தோடு உப்பு மணலில் கேட்காமல் போனால், அந்த மெஷின் உங்களுக்கு ஆற்று மெஷின் மட்டுமே.

போகக்கூடாத இடங்கள்

நம் ஆறுகள் வெறும் குளிக்கும் இடங்கள் இல்லை. கரூர் அமராவதி மணலில் ரோமானியக் காசும் சேரர் காசும் கிடைத்திருக்கின்றன. நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. வெள்ளலூரில் ரோமானியக் காசுக் குவியல்கள் எடுக்கப்பட்டன. மண்ணில் எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் ஒரு பழங்காசின் வரலாற்று மதிப்பு. டிடெக்டர் வைத்துத் தோண்டி எடுத்த மறுகணம் அது அழிந்துவிடும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களையும் அகழாய்வு இடங்களையும் அண்டவே கூடாது. வேறு எங்காவது எதிர்பாராமல் பழம்பொருள் கண்ணில் பட்டால், மேற்கொண்டு தோண்டாமல் நிறுத்திவிடுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டுப் பழமை கடந்தவற்றுக்கு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் உண்டு. நேற்றுத் தொலைந்த நகை என்றால் அது உரியவருடையது. ஆள் தெரியவில்லை என்றால் காவல் நிலையத்தில் ரசீதோடு ஒப்படையுங்கள். பொதுப் படித்துறையில் தேடுவதற்கு முன்பும் அங்கேயே சொல்லிவிட்டு இறங்குவது நல்லது.

மேட்டுப்பாளையத்தில் பவானி திடீரென்று ஏறும். மேலே பில்லூரில் மின்சாரம் எடுக்கத் தண்ணீர் விட்டால் இங்கே மழையே இல்லாமல் வெள்ளம் வரும். ஹெட்போன் மாட்டியவருக்கு ஆற்றின் சத்தம் கேட்காது, அதனால் கரையில் ஒருவர் நிற்காமல் இறங்க வேண்டாம். அமராவதி அணையில் முதலைகள் வாழ்கின்றன. மோயாற்றுப் பக்கம் புலிகள் காப்பகம், அனுமதியின்றி நுழைவதே குற்றம்.

திரும்பி வந்ததும் மெஷினை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், குழாயின் வேகத்தில் வேண்டாம், வாளியில் முக்கி எடுத்தால் போதும். கடலுக்குப் போய்வந்தது என்றால் தண்டைப் பிரித்து, பூட்டு வளையங்களுக்குள் சிக்கிய மணலையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை கழற்ற வராது. சார்ஜ் முனையில் ஈரம் முழுக்கக் காய்ந்தபின் சார்ஜ் போடுங்கள். உப்பு ஈரத்தோடு சார்ஜ் ஒயரை மாட்டினால் அந்தப் பித்தளை ஊசிகள் சில நாளில் பச்சை பூத்துவிடும். பேட்டரி கழற்றும் வகை மெஷின் என்றால் கழற்றி, மூடியைத் திறந்தே வையுங்கள்.